யந்திரத்தின் ஞாபகம்

(எலவனாசூர்கோட்டையில், ஆலைத் தொழிலாளர்களும் தொழிற்பயிற்சி மாணவர்களும் குழுமிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இந்த ஊருக்கு வரும்போதெல்லாம் இங்குள்ள சிவாலயத்தின் சுவர்களில் சோழர் காலம் தொட்டுப் பொறிக்கப்பட்டிருக்கும் எழுத்துகளைச் சற்று நேரம் நின்று பார்த்துச் செல்வது என் வழக்கம். இன்றும் அவ்வாறே பார்த்துவிட்டுத்தான் இந்த மேடைக்கு வந்திருக்கிறேன். தொழிற்சாலை யந்திரங்களைப் பற்றிப் பேச வந்தவன் கல்வெட்டிலிருந்து தொடங்குகிறானே என்று நீங்கள் நினைக்கலாம். நான் சொல்லப்போகும் விஷயத்துக்கு நம் நாட்டில் எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த முன்மாதிரி ஒரு கோயில் சுவரில்தான் இருக்கிறது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கொள்ளிடத்தின் வடகரையில், அரியலூர் மாவட்டத்தில், திருமழபாடி என்றொரு தலம் உண்டு. அங்குள்ள கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட வேண்டும் என்று முதலாம் இராசராச சோழன் தன் இருபத்தெட்டாம் ஆட்சியாண்டில், அதாவது 1013-ஆம் ஆண்டை ஒட்டி, ஆணையிட்டான். பழைய சுவரைப் பிரித்தால் அதில் இருந்த சாசனங்களும் கல்லோடு கல்லாகப் போய்விடும் அல்லவா? ஆகவே, சுவரைப் பெயர்ப்பதற்கு முன்னர் அந்தச் சாசனங்களைப் புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் ஏற்பாடாயிற்று. கோயில் எழுந்தது, இராசராசன் மறைந்தான், அவன் மகன் இராசேந்திரனின் பதினான்காம் ஆட்சியாண்டில், 1026-ஆம் ஆண்டை ஒட்டி, புத்தகத்தில் இருந்த அந்தச் சாசனங்கள் புதிய சுவரில் மறுபடியும் வெட்டப்பட்டன. இடையில் ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன. ஆணையிட்டவன் உயிரோடு இல்லை. ஆயினும், எவரோ ஒருவர் அந்தப் புத்தகத்தைக் கறையானுக்கும் மழைக்கும் கொடாமல் காத்தார். எவரோ ஒருவர் அது இன்ன பெட்டியில் இருக்கிறது என்பதை மறவாதிருந்தார். எவரோ ஒருவர் அதை எடுத்து வந்து கற்றச்சனின் கையில் சேர்த்தார்.

படியெடுத்தல் ஒரு செயல். மீண்டும் உரிய இடத்தில் சேர்த்தல் மற்றொரு செயல். இவ்விரண்டுக்கும் நடுவே பல ஆண்டுகள் அதைக் காத்து வைத்தல் மூன்றாவது செயல். இம்மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்தச் சாசனங்கள் குறித்த கொடைகளுக்குச் சான்று இல்லாமற் போயிருக்கும். நம் ஆலைகளில் இன்று ஓடிக்கொண்டிருக்கும் யந்திரங்களுக்கும் இதே மூன்று செயல்கள் தேவைப்படுகின்றன என்பதும், அவற்றுள் முதலாவதை மட்டும் செய்துவிட்டு நாம் நிம்மதியாக உறங்கிவிடுகிறோம் என்பதுமே இன்று நான் உங்கள் முன் வைக்க விரும்பும் கருத்து.

நம் மாவட்டத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் சற்று நினைத்துப் பாருங்கள். தென்பெண்ணைக் கரையில் மூங்கில்துறைப்பட்டிலும், கல்வராயன் மலையடிவாரத்தில் கச்சிராயபாளையத்திலும், இவ்வூருக்கு வடகிழக்கே பெரியசெவலையிலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. நெல் அரைக்கும் நவீன அரிசி ஆலைகளும், மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் ஆலைகளும் இந்தப் பிரதேசத்துக்கு உரியவை. சர்க்கரை ஆலைகளில் கரும்பு போதிய அளவு வருகிறதா என்று பார்த்து அதைச் சுமந்து வரும் கேரியரின் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும், சாற்றின் புளிப்பு அளவைப் பார்த்துச் சுண்ணாம்புப் பாலை அளந்து விடுவதும், கொதிகலனில் நீர்மட்டம் தாழாமல் காப்பதும், சர்க்கரைக் குழம்பைச் சுழற்றிச் சர்க்கரையைப் பிரிக்கும் சென்ட்ரிபியூகல் யந்திரத்துக்கு ‘இப்போது குழம்பை ஏற்று, இப்போது வேகமெடு, இப்போது நீர் தெளித்துக் கழுவு, இப்போது சுரண்டி இறக்கு’ என்று விநாடிக் கணக்கில் கட்டளையிடுவதும், முற்காலத்தில் மனிதர் கண்ணும் கையும் செய்த வேலைகள். இப்போது அவற்றைப் பெரும்பாலும் பேனலுக்குள் இருக்கும் ஒரு சிறு பெட்டி செய்கிறது. புரோகிராம் ஏற்றி இயக்கும் அந்தக் கட்டுப்படுத்தியைத்தான் நீங்கள் பி.எல்.சி. என்று சொல்கிறீர்கள்.

அந்தப் பெட்டி பிறந்த வரலாறு நம் தலைமுறைக்குள் அடங்குவது. அதற்கு முன்பெல்லாம் யந்திரம் எந்த வரிசையில் இயங்க வேண்டும் என்பதை ரிலேக்களும் கம்பிகளும் தீர்மானித்தன. வரிசையை மாற்ற வேண்டுமானால் கம்பியைக் கழற்றி வேறு விதமாகக் கட்ட வேண்டும். அமெரிக்க நாட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி, புதிய மாடல் கார் வரும்போதெல்லாம் ஆயிரக் கணக்கான ரிலேக்களைப் பிரித்துக் கட்டும் வேதனை தாளாமல், இதற்கு மாற்று ஒன்று வேண்டும் என்று 1968-இல் கேட்டது. டிக் மார்லி என்னும் பொறியியலாளரும் அவருடைய தோழர்களும் செய்து கொடுத்த ‘மோடிகான் 084’ என்னும் கட்டுப்படுத்தி அடுத்த ஆண்டே ஆலைக்கு வந்து சேர்ந்தது. அன்றுமுதல் யந்திரத்தின் அறிவு கம்பியில் இருந்து எழுத்துக்கு மாறியது. இந்த மாற்றத்தால் விளைந்த நன்மையை யாவரும் அறிவோம்; அதனோடு கூடவே வந்த அபாயத்தைத்தான் எண்ணிப் பார்ப்பதில்லை. கம்பியில் கட்டிய அறிவு கண்ணுக்குத் தெரியும். மின்சாரம் ஓராண்டு இல்லாவிட்டாலும் அது அப்படியே இருக்கும். எழுத்தாகிய அறிவோ கண்ணுக்குத் தெரியாது. அது எங்கே, எதன் தயவில் இருக்கிறது என்பதை அறிந்து போற்றாவிட்டால் ஓசையின்றி மறைந்துவிடும்.

எதன் தயவில் இருக்கிறது என்று பார்ப்போம். பழைய கட்டுப்படுத்திகள் பலவற்றில் புரோகிராமும் மதிப்புகளும் ஒருவகை நினைவகத்தில் இருக்கும். மின்சாரம் நின்றால் அந்த நினைவகத்தைத் தாங்குவது விரல் நீளமுள்ள ஒரு லித்தியம் பேட்டரி. ஆலைக்கு மின்சாரம் இருக்கும் வரையில் அந்தப் பேட்டரிக்கு வேலை இல்லை; மின்சாரம் நின்ற கணத்திலிருந்துதான் அது செலவாகிறது. வருஷம் முழுவதும் ஓடும் ஆலைக்கு இது பெரிய கவலை ஆகாது. பருவத்துக்கு மட்டும் ஓடும் ஆலையின் கதி வேறு. அரவை முடிந்து, மெயின் சுவிட்சை இறக்கி, பேனல் கதவைச் சாத்திவிட்டு நாம் போய்விடுகிறோம். அதன்பின் மாதக் கணக்கில், சித்திரை வெயிலில் கொதிக்கும் தகரக் கூரையின் கீழ், அந்தச் சிறு பேட்டரி ஒன்றே ஆலையின் ஞாபகத்தைத் தன் தலைமேல் சுமந்து நிற்கிறது. பேட்டரி தளர்ந்ததை அறிவிக்க ஒரு சிறு விளக்கு உண்டுதான். ஆனால் மின்சாரம் இல்லாத பேனலில் அந்த விளக்கு எப்படி எரியும்? அடுத்த பருவத்துக்குச் சுவிட்சை ஏற்றும்போதுதான் அது எரிகிறது. அப்போது பேட்டரி மட்டுமன்றி அது காத்த பொருளும் போயிருக்கும். கரும்பு ஆலைகளை நிரம்ப உடைய இந்தப் பிரதேசத்தில் இந்த ஒரு விஷயத்தை எத்தனை முறை சொன்னாலும் தகும் என்று கருதுகிறேன்.

இந்த அபாயத்துக்கு மருந்தாக வந்ததே மெமரி கார்டு. கைக்குள் அடங்கும் அந்தச் சிறு அட்டையில் பேட்டரியின் துணை இல்லாமலே எழுத்து நிற்கும். ஒவ்வொரு கம்பெனியும் அதைத் தன் தன் முறையில் கையாளுகிறது. பிரதானமானவற்றை மட்டும் சொல்கிறேன்.

சீமென்ஸ் கம்பெனியின் எஸ்7-1500 வகையில் கார்டு என்பது துணைப் பொருள் அன்று. புரோகிராம் குடியிருக்கும் வீடே அதுதான். கார்டு இல்லாமல் அந்தக் கட்டுப்படுத்தி ஓடாது. அந்தக் கார்டைச் சாதாரணக் கம்ப்யூட்டரில் செருகி, போட்டோக்கள் வைக்கும் கார்டை அழிப்பதுபோல் ‘ஃபார்மட்’ செய்துவிட்டால் அது கட்டுப்படுத்திக்கு உதவாமற் போகும். மிட்சுபிஷியின் ஐக்யூ-ஆர் வகையில் புரோகிராம், அமைப்பு விவரங்கள், ஓடும்போது சேர்ந்த மதிப்புகள் ஆகிய எல்லாவற்றையும் ஒருசேர எஸ்.டி. கார்டில் எடுத்துவைத்து, பின்னர் அவற்றைத் திரும்ப ஏற்றும் வசதி கட்டுப்படுத்தியிலேயே இருக்கிறது, லேப்டாப் தேவையில்லை, எடுக்கும் பிரதிகள் தேதியிட்டுத் தனித்தனியாக நிற்கும். ராக்வெல் கம்பெனியின் கன்ட்ரோல்லாஜிக்ஸ் வகையில், கார்டில் உள்ளதை எப்போது ஏற்றிக்கொள்வது என்பதை நாமே தேர்ந்து வைக்கலாம்: மின்சாரம் வரும்போதெல்லாம், அல்லது நினைவகம் கெட்டுப்போனபோது மட்டும், அல்லது நாம் கேட்கும்போது மட்டும். இதில் முதலாவதைத் தேர்ந்து வைத்துவிட்டு, பின்னர் புரோகிராமில் செய்யும் திருத்தங்களைக் கார்டில் எழுத மறந்தால், ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் திருத்தங்கள் அழிந்து பழைய புரோகிராமே வந்து உட்கார்ந்துகொள்ளும். மின்தடை அரிதல்லாத ஊர்களில் இதை மறத்தல் ஆகாது.

ஓம்ரான் கம்பெனியின் சி.ஜே. வகையில் அமைந்த முறை எனக்கு மிகவும் உவப்பானது. ஒரு சிறு சுவிட்சைத் தள்ளிவிட்டு, பொத்தானை மூன்று விநாடி அழுத்தினால் கார்டில் பிரதி எழுதப்படும். அதே சுவிட்சை அந்நிலையிலேயே வைத்து மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் ஏற்றினால் கார்டில் உள்ளது கட்டுப்படுத்திக்குள் திரும்பும். சுவிட்சைப் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டுப் பொத்தானை அழுத்தினாலோ, கார்டில் உள்ளதும் கட்டுப்படுத்தியில் உள்ளதும் ஒன்றுதானா என்று யந்திரமே ஒப்பிட்டுச் சொல்லும். எடுத்தல், மீட்டல், ஒப்புநோக்கல் என்னும் மூன்றையும் சமமான தொழில்களாக வைத்த அந்த அமைப்பை எண்ணும்போது, நம் முன்னோர் ஏடு பெயர்த்து எழுதிய முறையே என் நினைவுக்கு வருகிறது. ஏட்டைப் பார்த்து எழுதியதோடு வேலை முடிவதில்லை. ஒருவர் மூல ஏட்டை வாசிக்க, மற்றொருவர் புதிய ஏட்டைக் கையில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததற்குப் பின்னால், ஊர் ஊராகத் தேடிச் சேர்த்த ஏடுகளை ஒன்றோடொன்று ஒப்புநோக்கிய உழைப்பு நின்றது. ஒப்புநோக்காத பிரதியை அப்பெரியார் நம்பியதில்லை. நாமும் நம்பலாகாது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், பருவத்துக்கு மட்டும் ஓடும் ஓர் ஆலையில் இளம் பொறியியலாளனாக நான் இருந்தபோது, அரவை தொடங்க இரண்டே நாள் இருக்கையில் ஒரு பேனலுக்கு மின்சாரம் கொடுத்தோம். கட்டுப்படுத்தியில் பிழை காட்டும் சிவப்பு விளக்குக் கண் சிமிட்டியது. உள்ளே ஒன்றும் இல்லை. நான் கலங்கவில்லை; ஏனெனில் பேனல் கதவின் உட்புறத்தில், ஓர் உறைக்குள், ‘பேக்கப்’ என்று எழுதிய கார்டு இருந்தது. அதைச் செருகி ஏற்றினேன். சிவப்பு விளக்கு அணைந்து பச்சை விளக்கு எரிந்தது. உடனே ஓட்டிவிடலாம் என்று நான் கை நீட்டியபோது, என்னோடு நின்ற மூத்த எலக்ட்ரீசியன் ஒருவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“தம்பி, மோட்டாருக்குப் போற கரண்டை எல்லாம் எடுத்துட்டு, மொதல்ல வெறும் வெளக்க மட்டும் பாருங்க. இது நாலு வருஷத்துக்கு முந்தின மனுஷன், நடுவுல நடந்தது எதுவும் இதுக்குத் தெரியாது” என்றார் அவர்.

அப்படியே செய்தோம். கழுவும் நீருக்கான வால்வு திறக்க வேண்டிய கட்டத்தில், சுண்ணாம்புப் பாலை இறைக்கும் பம்புக்கு உரிய விளக்கு எரிந்தது. விஷயம் இதுதான்: கார்டில் பிரதி எடுத்த பின்னர், வால்வின் கம்பி இருந்த முனை கருகிப்போய், கம்பியை வேறு முனைக்கு மாற்றி, புரோகிராமையும் அதற்கேற்பத் திருத்தியிருந்தார்கள். பிறகு, கருகிய முனை இருந்த மாட்யூலையே புதிதாக மாற்றியபோது, காலியாகக் கிடந்த பழைய முனையில் பம்பை இணைத்திருந்தார்கள். நான்கு ஆண்டுக்கு முந்தைய புரோகிராமுக்கு இது தெரியாது. பெரியவர் என் கையைப் பிடிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அதன்பின் மூன்று நாள் இரவும் பகலுமாக உட்கார்ந்து விட்டுப்போன திருத்தங்களையெல்லாம் மறுபடி எழுதினோம். எதைப் பார்த்து எழுதினோம் தெரியுமா? அந்தப் பெரியவர் தம் சட்டைப் பையில் வைத்திருந்த நாற்பது பக்க நோட்டைப் பார்த்துத்தான். எந்த நாளில், எந்தக் கம்பி, எந்த முனையிலிருந்து எந்த முனைக்குப் போயிற்று என்பதைப் பென்சிலால் அவர் எழுதி வைத்திருந்தார். எழுதச் சொல்லி எவரும் அவருக்கு உத்தரவிட்டதில்லை. ஆலையின் அரவை அந்த ஆண்டு ஒருநாள் தாமதத்தோடு நடந்ததற்கு அந்த நோட்டே காரணம்.

இந்த அனுபவத்திலிருந்து நான் கற்ற பாடங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கார்டில் என்ன இருக்கிறது என்பதைவிட, என்ன இல்லை என்பதை அறிதல் அவசியம். கட்டுப்படுத்தியின் ஞாபகத்தை மூன்று பகுதியாகப் பிரிக்கலாம். எதை எப்போது செய்ய வேண்டும் என்னும் புரோகிராம் ஒன்று; எத்தனை மாட்யூல், எந்த முகவரி, எந்த வேகம் என்னும் அமைப்பு விவரம் மற்றொன்று; ஓட ஓட அனுபவத்தால் சேர்ந்த மதிப்புகள் மூன்றாவது. கழுவும் நீர் இத்தனை விநாடி, சுண்ணாம்புப் பால் இந்த அளவு, தராசின் திருத்தம் இவ்வளவு என்று பல பருவங்களில் தொழிலாளர்கள் பார்த்துப் பார்த்து நிலைநிறுத்திய எண்கள் இந்த மூன்றாவதில் அடங்கும். பல கட்டுப்படுத்திகளில் சாதாரணமாக எடுக்கும் பிரதியில் முதல் இரண்டு மட்டுமே வரும்; மூன்றாவது வேண்டுமானால் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும். அவ்வாறு கேளாமல் விட்டால், யந்திரம் ஓடும். ஆனால் நேற்றுப் பிறந்த குழந்தைபோல் ஓடும். மேலும், பழைய கட்டுப்படுத்திகள் பலவற்றில், புரோகிராமை எழுதியவர் வரிக்கு வரி எழுதிய விளக்கக் குறிப்புகளும் பெயர்களும் கட்டுப்படுத்திக்குள் போவதில்லை. அவை எழுதியவரின் கம்ப்யூட்டரிலேயே நின்றுவிடும். கட்டுப்படுத்தியிலிருந்து எடுத்த பிரதியில் வெறும் எண்களே மிஞ்சும். ஆகவே, யந்திரத்தை விற்றவரிடமிருந்து விளக்கக் குறிப்புகளோடு கூடிய மூலக் கோப்பையும், பூட்டுச் சொல்லையும் முதல் நாளிலேயே எழுத்து மூலம் கேட்டு வாங்கி வையுங்கள். பத்து ஆண்டு கழித்துக் கேட்டால் கொடுக்க அவர் இருக்கமாட்டார். இருந்தாலும் அவர் கம்ப்யூட்டர் இருக்காது.

மீட்டல் என்பது எடுத்தலைவிட அபாயம் மிகுந்த தொழில் என்பது அடுத்த பாடம். பிரதி எடுக்கும்போது யந்திரத்தில் ஒன்றும் மாறுவதில்லை. மீட்கும்போது எல்லாம் மாறுகிறது. பழைய மதிப்புகள் திரும்பினால், ‘ஓடிக்கொண்டிரு’ என்று அன்று இருந்த கட்டளையும் கூடவே திரும்பக்கூடும். ஆகையால் மீட்கும் முன் கட்டுப்படுத்தி நிற்கும் நிலையில் இருக்க வேண்டும். மோட்டார்களுக்குப் போகும் மின்சாரத்தை எடுத்து, சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை மீட்பவர் தம் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அழுத்தக் காற்றையும் நீராவியையும் அடைக்க வேண்டும். யந்திரத்தின் அருகில் ஆள் இல்லை என்று கண்ணால் பார்க்க வேண்டும். கட்டுப்படுத்தியையே மாற்றியிருந்தால், புதியது பழையதன் வகையும் பதிப்பும் கொண்டதுதானா என்று பார்க்க வேண்டும். கடிகாரம் சரியா என்றும், வலையமைப்பில் அதே முகவரியோடு வேறொன்று இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதற்குப் பின் ஒவ்வொரு விளக்காக, ஒவ்வொரு வால்வாக, அந்தப் பெரியவர் எனக்குக் கற்றுக்கொடுத்தபடி சோதித்துப் பார்த்த பிறகே யந்திரத்துக்கு உயிர் கொடுக்க வேண்டும்.

பிரதியை எங்கே வைப்பது என்பதும் கவனிக்கத் தக்கது. பேனலுக்குள்ளேயே வைக்கும் கார்டு கைக்கு எளிது. பேனலுக்கு வரும் தீங்கு அதற்கும் வரும். 2024-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ ஐம்பது சென்டிமீட்டர் மழை கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம் கன அடிக்கு மேல் நீர் திறக்க நேர்ந்தது. தென்பெண்ணை கரை புரண்டு ஊர்களுக்குள் புகுந்தது. வெள்ளம் புகுந்த இடத்தில் கட்டுப்படுத்தி நனைந்தால் அதன் உட்கதவில் இருந்த கார்டு மட்டும் உலர்ந்திருக்குமா? இடி விழுந்தாலும் தீப்பற்றினாலும் இதே கதிதான். ஆகவே, ஒரு பிரதி பேனலில், ஒரு பிரதி ஆலை அலுவலகக் கம்ப்யூட்டரில், ஒரு பிரதி ஆலைக்கு வெளியே மேடான வேறோர் இடத்தில் என்று மூன்று இருக்க வேண்டும். மூன்றும் ஒரே வகைச் சாதனத்தில் இருத்தலாகாது.

புதிய பிரதி எடுத்தவுடன் பழையதை அழித்துவிடுவதும் தவறு. 2010-இல் ‘ஸ்டக்ஸ்நெட்’ என்னும் தீநிரல் வெளிப்பட்ட செய்தி உலகையே திடுக்கிடச் செய்தது. ஈரான் நாட்டின் நதான்ஸ் நகருக்கு அருகிலுள்ள யுரேனியச் செறிவூட்டு நிலையத்தில், சுழல் யந்திரங்களை ஆண்ட சீமென்ஸ் கட்டுப்படுத்திகளுக்குள் அது புகுந்து, அவற்றின் புரோகிராமில் தன் வரிகளைச் சேர்த்துக்கொண்டது. பொறியியலாளர் திரையில் பார்த்தால் அந்த வரிகள் தெரியாதபடி மறைத்தும் வைத்தது. அத்தகைய நோய் புகுந்தபின் எடுக்கும் பிரதி நோயின் பிரதியே ஆகும். பெரிய நாடுகளின் சண்டை நமக்கு எதற்கு என்று எண்ண வேண்டாம். அறியாமல் செய்த ஒரு தவறான திருத்தமும் இதே விதமாகத்தான் பிரதிக்குள் புகுந்து உட்காருகிறது. யந்திரம் செம்மையாக ஓடிய பருவத்தின் பிரதியைத் தேதியிட்டு, எவரும் மாற்ற முடியாதபடி தனியே வைத்திருந்தால் அன்றோ, எது மாறியது என்று ஒப்பிட்டுக் காண முடியும்?

கார்டின் இயல்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதற்குள் எழுத்து நிற்பது நுண்ணிய அறைகளில் சிறைப்பட்ட மின்னூட்டத்தால். ஒவ்வொரு முறை அழித்து எழுதும்போதும் அந்த அறைகளின் சுவர் சிறிது தேய்கிறது. வெப்பம் மிகுந்த இடத்தில் மின்னூட்டம் மெல்ல மெல்லக் கசிகிறது. ஓர் அறைக்கு ஒரே ஒரு பிட்டை வைக்கும் தொழிற்சாலை ரகக் கார்டுகள் பல்லாயிரம் முறை அழித்து எழுதுவதைத் தாங்கும்; கடைத்தெருவில் செல்போனுக்கு என்று விற்கும் மலிவான கார்டுகளுக்கு அந்தச் சக்தி இல்லை. ஆகையால் கட்டுப்படுத்தியைச் செய்த கம்பெனி சொல்லும் கார்டையே வாங்குங்கள், எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்காதீர்கள், கல்லில் வெட்டிய எழுத்துபோல் அது என்றும் நிற்கும் என்று எண்ணி, ஒருமுறை எழுதிப் பத்தாண்டு பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். கல்லையே பெயர்க்க வேண்டிய காலம் வந்ததை அல்லவா திருமழபாடியில் கண்டோம்?

அன்பர்களே, இவ்வளவும் கேட்டபின், இதற்குப் பெரும் செலவாகுமோ என்று முதலாளிமார் சிலரும், இதற்குப் பெரிய படிப்பு வேண்டுமோ என்று மாணவர் சிலரும் நினைக்கலாம். இரண்டும் இல்லை. வேண்டுவது ஓர் ஒழுங்கு. அரவை முடிந்த மறுநாள், மெயின் சுவிட்சை இறக்கும் முன்பே, ஒவ்வொரு கட்டுப்படுத்திக்கும் பிரதி எடுத்து, ஒப்பிட்டுப் பார்த்து, கார்டின் உறைமேல் தேதியும் யந்திரத்தின் பெயரும் எடுத்தவர் பெயரும் எழுதுங்கள். பேட்டரி மாற்ற வேண்டியதை அப்போதே, மின்சாரம் இருக்கும்போதே மாற்றுங்கள். பருவம் இல்லாத நாளில், உதிரியாக இருக்கும் ஒரு கட்டுப்படுத்தியில் ஒரு கார்டையேனும் ஏற்றிப் பார்த்து, இந்தப் பிரதி மீளும் என்று கண்ணாரக் கண்டு கொள்ளுங்கள். ஒரு கம்பியை மாற்றினால், ஓர் எண்ணைத் திருத்தினால், அன்று மாலையே நோட்டில் எழுதுங்கள்; எழுதிய பின் புதிய பிரதி எடுங்கள். இந்த வேலை இன்னாருடையது என்று ஒருவர் பெயரைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். அவர் விடுப்பில் போனால் செய்பவர் பெயரையும் அதன் கீழ் எழுதுங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு தனி வேண்டுகோள். நீங்கள் நாளை ஓர் ஆலையில் சேரும்போது, அங்கே தலை நரைத்த எலக்ட்ரீசியன் ஒருவரோ ஃபிட்டர் ஒருவரோ இருப்பார். எந்தக் கார்டிலும் ஏறாத செய்திகள் அவரிடம் இருக்கின்றன. இந்த வால்வு மழைக்காலத்தில் சற்றுத் தாமதித்துத் திறக்கும் என்பதும், அந்தச் சென்சார் சாம்பல் படிந்தால் பொய் சொல்லும் என்பதும் அவருக்குத் தெரியும். அவர் ஓய்வு பெறும் நாளில் அவரோடு அதுவும் வாசலைக் கடந்து போய்விடும். அதற்கு முன், அவர் அருகில் ஒரு நோட்டோடு உட்காருங்கள். கேளுங்கள், எழுதுங்கள், எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டிச் சரிபாருங்கள்.

இந்தக் கூட்டம் முடிந்து நாளைக் காலை வேலைக்குப் போகும்போது, உங்கள் பேனலைத் திறந்து கார்டின் உறைமேல் என்ன தேதி எழுதியிருக்கிறது என்று மட்டும் முதலில் பாருங்கள். தேதியே இல்லையென்றால் நாளைக்கே எழுதத் தொடங்குங்கள்.